லோஹான் தம்பிக்குப் பெண் கொண்டு வந்த நாள்

"டொக்" என்ற அந்தச் சத்தம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. ஒரு மீன் தன் புடைத்த நெற்றியால் கண்ணாடியைத் தட்டும் சத்தம் அது. அப்பாவின் லோரிச் சாவி வாசல் கிரில்லில் உரசிய உடனே, நாங்கள் எழுந்து போய்க் கதவைத் திறப்பதற்கு முன்பே, ஹாலின் மூலையில் இருந்த தொட்டியிலிருந்து "டொக், டொக்" என்று கேட்கும். "பாத்தியா, பெத்ததுங்க ரெண்டும் டிவி பாக்குதுங்க, இவன்தான் அப்பா வந்துட்டாருன்னு கூப்புடுறான்" என்று சொல்லிக்கொண்டே அப்பா நேராகத் தொட்டியிடம்தான் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மீனிடம் தோற்றுப்போவது எவ்வளவு பெரிய அவமானம் என்று பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரிந்திருந்தது.

மலேசியாவின் கிள்ளானில், காப்பார் போகும் சாலையை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், எங்கள் வீடு. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்த அந்தச் சமயத்தில், வீட்டுக்கு வீடு "லோஹான்" பைத்தியம் பிடித்து ஆட்டியது. தலையில் பெரிய புடைப்பும், உடம்பில் சிவப்பும், விலாவில் யாரோ மையால் கிறுக்கிய மாதிரிக் கறுப்புப் புள்ளிகளும் கொண்ட மீன். அந்தப் புள்ளிகளில் நம்பர் தெரிகிறது என்று சொல்லி, லாட்டரி எடுக்கிறவர்கள் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று பார்ப்பார்கள். எங்கள் வீட்டுக்கும் அப்படி இரண்டொருவர் வந்தார்கள். "அவன் என் புள்ள, நம்பர் கடை போர்டு இல்ல" என்று அப்பா துரத்திவிட்டார்.

புள்ள என்று அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. அவருக்கு நாங்கள் இரண்டு பெண்கள், மாலா அக்காவும் நானும். மூன்றாவதாக ஒரு பையன் என்ற ஆசை நிறைவேறாமலே போய்விட்டது. அந்த ஆசை போய் ஒதுங்கிய இடம் அந்தத் தொட்டி. மீனுக்கு வைத்த பெயரே "தம்பி". அம்மா இறால் குழம்பு வைக்கும் நாளில், உப்பும் மஞ்சளும் படுவதற்கு முன்பே ஒரு நல்ல இறாலை உரித்துத் தம்பிக்கென்று தனியாக எடுத்து வைப்பார். நான் கேட்டால், "ஒனக்கு வாய் இருக்கு, கேட்டு வாங்கித் திம்ப. அதுக்கு யாரு இருக்கா?" என்பார்.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், அது சாதாரண மீன் இல்லை. அப்பா ஜொகூருக்குச் சரக்கு ஏற்றிப் போய் இரண்டு நாள் வரவில்லையென்றால், கூழாங்கற்கள் மேல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, போட்ட தீனியைத் திரும்பியும் பார்க்காது. அவர் வந்து தண்ணீருக்குள் கையை விட்டு நெற்றியைத் தடவிக்கொடுத்தால்தான் அதற்குச் சாப்பாடு இறங்கும். விரலை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் கூடவே வந்து உடம்பை நெளித்து ஆடும். எனக்கு முதுகைக் காட்டும். அம்மாவின் துடைப்பத்தை மட்டும் கண்டால் அதற்கு ஆகாது. தொட்டிப் பக்கம் துடைப்பம் வந்துவிட்டால் செவுளை விரித்து, நிறம் கறுத்து, கண்ணாடியே உடைந்துவிடும்போல் மோதும். அம்மா சிரித்துக்கொண்டே, "கோவம் இருக்குற எடத்துலதான் கொணம் இருக்கும்" என்பார். இந்தப் பழமொழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு எங்கள் வீட்டில் அதை அளவுக்கு மீறிச் சொன்னார்கள்.

ஏனென்றால் அந்த ஆண்டுதான் மாலா அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அக்கா ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். மாப்பிள்ளை சரவணன் ரவாங்கைச் சேர்ந்தவர், பங்சாரில் ஏதோ அலுவலகத்தில் வேலை. கல்யாணத்தை உறுதி செய்யும் பரிசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார், கையில் வேர்க்கடலை வைத்து மடித்த சூடான "அப்பம் பாலிக்" பொட்டலம் இருக்கும். அப்பாவை மாமா என்றும் அம்மாவை அத்தை என்றும் அழைத்து, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்து, எனக்குக் கணக்குகூடச் சொல்லிக்கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் நாளே தொட்டிக்குள் கையை விட்டார். தம்பி கடிக்காமல் அவர் உள்ளங்கையில் நெற்றியைத் தேய்த்தான். அப்பாவுக்கு அதற்கு மேல் ஜாதகம் தேவைப்படவில்லை. "தம்பியே ஒத்துக்கிட்டான். நாம என்னா பேச இருக்கு?" என்றார்.

பரிசம் நெருங்க நெருங்க, மாலா அக்கா முழுக்கைச் சட்டையாகவே போட ஆரம்பித்தாள். கிள்ளான் வெயிலில் அரைக்கையே வேர்த்து ஊற்றும். நான் கேட்டதற்கு, கிளினிக்கில் ஏர்கோன் குளிருகிறது என்றாள். பிறகு ஒரு நாள் அவள் அடுப்படியில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது: "கார்ல வரும்போது என் போன வாங்கிப் பாத்தாரும்மா. கிளினிக் டிரைவர் மெசேஜ் ஒண்ணு இருந்துச்சு, நாளைக்கு லீவுன்னு. அதுக்குக் காரை ஓரமா நிப்பாட்டிட்டாரு." அதற்கு மேல் அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை. அம்மாவின் குரல் கேட்டது. "ஆம்பளைங்கன்னா அப்படித்தான் லா. நம்மகிட்ட எவ்வளவு மரியாதையா இருக்கான். கோவம் இருக்குற எடத்துலதான் கொணம் இருக்கும். கல்யாணம் ஆனா எல்லாம் அடங்கிடும்." அதற்குப் பிறகு வெங்காயம் நறுக்கும் சத்தம்தான் வந்தது.

அந்த நேரத்தில்தான் அப்பாவுக்கு இன்னொரு யோசனை வந்தது. மூத்தவளுக்கு நல்லது நடக்கும்போது வீட்டில் ஒருவன் மட்டும் தனிக்கட்டையாக ஏன் இருக்க வேண்டும்? "பாசார் மாலாம்" எனப்படும் இரவுச் சந்தையில் மீன் கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடமிருந்து, ஒரு பெண் லோஹானைப் பிளாஸ்டிக் பையில் வாங்கி வந்தார். தம்பியில் பாதிகூட இல்லை. புடைப்பில்லாத நெற்றி, சாம்பல் நிறம். பக்கத்து வீட்டு மேரி ஆன்டி ஓடிவந்து, "பரிசம் எவ்வளவு போட்டீங்க?" என்று கிண்டல் செய்ய, அம்மா தொட்டிக் கண்ணாடியில் ஒரு குங்குமப் பொட்டே வைத்துவிட்டார். நாங்கள் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மாலா அக்காவும்தான் சிரித்தாள்.

தொட்டியின் நடுவில் ஒரு தடுப்புக் கண்ணாடியைச் செருகி, இந்தப் பக்கம் அவனையும் அந்தப் பக்கம் அவளையும் விட்டார்கள். தடுப்பை அவசரப்பட்டு எடுக்காதே, பல வாரம் ஆகட்டும், பார்த்துப் பார்த்துச் செய் என்று தவுக்கே திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். ஆனால் தம்பி நாள் முழுவதும் தடுப்பை ஒட்டியே நின்று, உடம்பை நெளித்து, நெற்றியால் தட்டிக்கொண்டே இருந்தான். தடுப்பு அதிர அதிர அப்பா பூரித்துப்போனார். "ஐயோ பாவம், தவிக்கிறான்" என்றார் அம்மா. சுவரில் மாட்டியிருந்த தமிழ் நாள்காட்டியைப் பார்த்தார்கள். வரும் ஞாயிறு முகூர்த்த நாள். அதை விட்டால் பரிச வேலைகள் வந்துவிடும். ஒரு மீன் தொட்டியின் கண்ணாடியை எடுக்க ராகுகாலம் பார்த்த குடும்பம் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அந்த ஞாயிறு காலை மாப்பிள்ளையும் வந்திருந்தார். தோசை சாப்பிட்டு முடித்து, எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்றோம். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தடுப்புக் கண்ணாடியை மேலே இழுத்தார்.

அடுத்து நடந்ததை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு அது புரிவதில்லை. தம்பி ஆடவில்லை, நெளியவில்லை. ஒரே பாய்ச்சல். அவளை விலாவில் கவ்வி மூலையில் மோதினான். அவள் நழுவி மேலே வந்தாள், மறுபடி கவ்வினான். செதில்கள் தண்ணீரில் பொடிப்பொடியாக மினுங்கின. தடுப்பைக் கையில் பிடித்தபடியே அப்பா கல்லாக நின்றுவிட்டார். அம்மா, தெருவில் சண்டை போடும் பிள்ளையை அதட்டுவதுபோல, "தம்பி, விடுடா, விடுடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தினமும் அப்பாவின் கையில் தலையைத் தேய்த்த அதே மீன்தானா இது?

மாலா அக்காதான் அசைந்தாள். சட்டைக் கையைத் தோள்வரை தள்ளிவிட்டு, முழுக் கையையும் தண்ணீருக்குள் விட்டாள். அவன் அவள் விரலையும் கடித்தான். அவள் விடாமல் அந்தச் சாம்பல் மீனை வாரி எடுத்துத் தரையில் கிடந்த பிளாஸ்டிக் வாளியில் போட்டாள். அது ஒரு முறை வாயைத் திறந்தது, பிறகு இல்லை. அக்காவின் விரலிலிருந்து ரத்தம் மணிக்கட்டுக்கு வழிந்தது.

அப்போது மாப்பிள்ளை ஆறுதல் சொல்லும் முகத்தோடு, லேசாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "விடு மாலா. பொட்டை கொஞ்சம் அடங்கிப் போயிருந்தா, அவன் ஏன் அடிக்கப்போறான்?"

அவர் முகத்தில் கோபமே இல்லை. என்னை இன்றும் உலுக்குவது அதுதான். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அப்பா அவரைப் பார்க்கவும் இல்லை. அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை தோள்வரை ஏறியிருந்த அந்தக் கையில், முழங்கைக்கு மேலே, ஒரு ஆண் கை அழுத்திப் பிடித்த விரல் தடங்கள் நீலமாகவும், பழையது மஞ்சளாகவும், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தொட்டியின் காற்று பம்ப் மட்டும் கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்னம்மா?" என்று அப்பா கேட்டார்.

"அம்மாகிட்ட சொன்னேன்ப்பா" என்றாள் அக்கா.

அம்மாவின் முகம் அப்போது போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்தார். "சின்ன விசயம் மாமா, அன்னிக்கு ஒரு டென்ஷன்ல..." அப்பா தடுப்புக் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். போய் வாசல் கிரில்லைத் திறந்தார். "நீங்க கெளம்புங்க. பரிசம் இல்ல. ஒங்க வீட்டுக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன்" என்றார். கத்தவில்லை. மாப்பிள்ளை என்ற சொல்லைச் சேர்க்கவும் இல்லை. கார் தெருமுனை திரும்பும்வரை கிரில்லைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

அம்மா மஞ்சளைக் குழைத்து வந்து அக்காவின் விரலில் பற்றுப் போட்டார். போட்டுக்கொண்டே அழுதார். "எங்கம்மா என்கிட்ட என்ன சொல்லி அனுப்புச்சோ, அதையேதான்டி ஒனக்கும் சொன்னேன். வேற என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல" என்றார். அந்தப் பேச்சைக் கேட்டு அப்பா தலையைத் தூக்கவே இல்லை. அவரிடம் நான் அதுவரை பார்த்த கோபங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். அம்மாவும் அரைக்கை ரவிக்கை போட்டு நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உண்மையா, என் கற்பனையா என்று இன்றுவரை கேட்கத் துணிவு வரவில்லை.

அப்போது, ஹாலின் மூலையிலிருந்து சத்தம் வந்தது. "டொக்." அவனுக்குப் பசி. அதே முகம், அதே நெளிவு, அதே ஆட்டம். அப்பாவின் விரலைத் தேடிக் கண்ணாடியில் நெற்றியைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் மாறவே இல்லை. அவன் எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறான். நாங்கள்தான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தோம்.

அப்பா அவனைத் தூக்கி எறிந்துவிடவில்லை. வேளைக்குத் தீனி போட்டார், தண்ணீர் மாற்றினார். தடவிக்கொடுப்பது மட்டும் நின்றுபோனது. தம்பி என்ற பெயரை யாரும் எடுத்துவிடச் சொல்லவில்லை, அது தானாகவே போய் வெறும் "மீன்" ஆனது. பரிசம் நின்ற வீடு என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அக்கா அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

இப்போது கிள்ளானில் லோஹான் கடைகள் இருந்த இடங்களில் கைப்பேசி உறை விற்கிறார்கள். எங்கள் தொட்டி பின்கட்டில் மண் நிரப்பிக் கிடக்கிறது. அம்மா அதில் கறிவேப்பிலை வைத்திருக்கிறார். அவர் வாயிலிருந்து அந்தப் பழமொழி ஒரேயடியாகக் காணாமல் போய்விட்டது. எனக்கு வரன் வந்தபோது, அப்பா மாப்பிள்ளையிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, தண்ணீர் வேண்டும் என்று சொல்லி அவர்கள் வீட்டு அடுப்படிக்குப் போய், அங்கே நின்ற மாப்பிள்ளையின் தங்கையிடம், "ஒங்க அண்ணன் ஒன்கிட்ட எப்படிம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் திகைத்துப்போய், "என் துணியையும் சேத்து மடிச்சு வைப்பாரு அங்கிள்" என்றாளாம். அப்பா திரும்பி வந்து, சம்மதம் என்றார்.

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மகளைக் கூட்டிப் போயிருந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு லோஹான், கொழுத்த நெற்றியோடு. அவள் விரலை வைத்ததும் ஓடிவந்து நெளிந்து ஆடி, கண்ணாடியைத் தட்டியது. "அம்மா, அதுக்கு என்னைப் புடிச்சிருக்கு" என்றாள் அவள், கண் விரிய. ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தொட்டியின் மூலைகளிலும் கற்களின் இடுக்கிலும், அதற்குப் பயந்து வேறு மீன் ஏதாவது ஒண்டிக்கொண்டிருக்கிறதா என்று என் கண் தேடிக்கொண்டிருந்தது.