பரக்கத்துக்கு ஒரு பிடி அரிசி

சாமான்களை முதலில் அனுப்பிவிட்டு மனிதர்கள் பிறகு போவது என்பது மஸீனாவின் யோசனைதான். வேறு யார் தலையிலாவது அந்தப் பழியைப் போட முடிந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாவது கிடைத்திருக்கும். யார் இருக்கிறார்கள் போட?

கணவர் நுஹ்மானுக்கு மறதி நோய் வந்து சில வருடமாகிறது. யட்டவத்தக் கடைத்தெருவில் மிளகும் கராம்பும் வாங்கி விற்ற மனுசர், ஒரு நாள் கடைக்குப் போகும் வழியை மறந்து ஆற்றுப் பக்கம் நின்றார். பிறகு சாப்பிட்டதை மறந்தார், தொழுததை மறந்து திரும்பத் தொழுதார், ஒரே மகள் நிஷ்மியாவைத் தன் உம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மஸீனாவை மட்டும் மறக்கவில்லை. அது போதும் என்றுதான் அவளும் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நிஷ்மியா மெல்பனில் இருக்கிறாள். தனியாகக் கிடந்து சீரழியாதீங்க, வாங்க என்று அழுது பிடித்து, எப்படியோ இருவருக்கும் விசாவும் எடுத்துவிட்டாள். மஸீனாவுக்கு ஒரே பயம்: தெரியாத நாட்டில், தெரியாத அறையில் இந்த மனுசர் எப்படிக் கண் விழிப்பார்? பழகிய பொருள்கள் பக்கத்தில் இருக்கட்டும், அதுதான் அவருக்கு மருந்து என்று மாத்தளை டொக்டர் சொன்னதை அவள் நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டாள். கட்டில், அலுமாரி, சாய்மனைக் கதிரை, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் கப்பலில் முன்கூட்டியே அனுப்ப வேண்டும். இங்கே இருப்பது போலவே மகள் அங்கே ஓர் அறையில் அடுக்கி வைக்க வேண்டும். விமானத்தை விட்டு இறங்கியதும் அவரை நேரே அந்தக் கட்டிலில் கொண்டுபோய் உட்கார வைத்தால், வீட்டில்தான் இருக்கிறோம் என்று மனுசர் நம்பிவிடுவார். வீட்டைக் கிரயம் எழுதி வாங்கிய ஆசிரியர் தம்பதியும் நல்லவர்கள்தான். பயண நாள் வரைக்கும் இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

சாமான் கட்ட வந்தவர்களின் தலைவன் இப்ஹாம் மரியாதையான பிள்ளை. தானியம், விதை, சாப்பாட்டுச் சாமான் ஏதாவது உள்ளே இருக்கிறதா, அந்த நாட்டில் அதற்கெல்லாம் கடும் தடை என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டான். இல்லை என்று மஸீனா சொன்னாள். பொய் சொல்லவில்லை அவள். அலுமாரியில் இழுத்துத் திறக்கும் நடு லாச்சியில், வெள்ளைத் துணியில் முடிந்து, ஒரு பிடி பச்சையரிசியும் கொஞ்சம் உப்பும் வைத்திருந்தாள். குடிபோகும் வீட்டில் அல்லாஹ்வின் அருளும் செழிப்பும் தங்க, முதலில் நுழைய வேண்டியது அதுதானே? கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்றும் அப்படித்தான் நுழைந்தாள். அதை யார் சமைக்கப் போகிறார்கள், யார் தின்னப் போகிறார்கள்? சாப்பாட்டுச் சாமான் என்று கேட்டால் அந்த முடிச்சு எந்தப் பெண்ணுக்காவது நினைவில் வருமா, சொல்லுங்கள்.

லொறி போன கையோடு வினை தொடங்கியது. நுஹ்மான் வெறும் ஹோலின் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடிகாரம் இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாக இருந்தது. பேசினால் குரல் எதிரொலித்தது.

"வா மஸீனா, ஊட்டுக்குப் போவோம்," என்றார். "ஊட்டுக்காரங்க வந்தா ஏசுவாங்க."

இதுதான் நம் வீடு என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டை வற்றிப் போனது. அடுத்த வீட்டு றஸ்மியா தன் வீட்டுக் கட்டிலையும் இரண்டு கதிரைகளையும் தூக்கி வந்து போட்டாள். அடுத்தவர் பொருளில் உட்காரக் கூடாது என்று அவர் தரையிலேயே இருந்தார். கதவு திறந்திருந்தால் போதும், தொப்பியைப் போட்டுக்கொண்டு றோட்டில் இறங்கிவிடுவார். மஸீனா ஒருநாள் அவரை ஓட்டோவில் ஏற்றி, மாத்தளை டவுனைச் சுற்றி, வாசலில் இறக்கி, "இந்தா, ஊட்டுக்கு வந்துட்டோம்" என்றாள். கேற்றைக் கண்டதும் முகம் மலர்ந்தது. உள்ளே காலை வைத்ததும் வாடியது.

இருக்கிற வீட்டையும் அவள் தன் கையாலேயே அவரிடமிருந்து பிடுங்கிவிட்டாள். அங்கே இருக்கப் போகிற நிம்மதிக்காக, இங்கே இருந்த நிம்மதியைப் பெட்டியில் கட்டி அனுப்பிவிட்டாள். போகப் போக அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் குறைந்தது. சில நாளில் யாரோ அந்நியப் பெண்ணிடம் பேசுவது போல "தங்கச்சி" என்றார். சாமான் போய்ச் சேரட்டும், அந்தக் கட்டிலைக் கண்டால் மனுசர் திரும்பி வந்துவிடுவார் என்று ஒவ்வொரு தொழுகையிலும் அந்தக் கப்பலுக்காகவே கையேந்தினாள்.

கப்பல் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தது. நிஷ்மியாவின் அழைப்பு வந்தபோது மஸீனா சந்தோசத்தோடுதான் போனை எடுத்தாள்.

பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரிகள் அரிசி முடிச்சைக் கண்டிருக்கிறார்கள். அரிசியில் வண்டு. அந்த நாட்டுக்காரர்கள் வெகுவாகப் பயப்படுகிற வண்டு. லாச்சியிலிருந்து மெத்தைக்கும் உடுப்புகளுக்கும் கட்டில் பொருத்துகளுக்கும் அது பரவியிருந்தது. ஒன்றும் வெளியே விடமாட்டார்கள். நாட்டை விட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது மொத்தத்தையும் எரிக்க வேண்டும். எது என்று நாளைக்குள் சொல்ல வேண்டும்.

"அரிசி இருக்கான்னு சாமான் கட்ட வந்தவங்க கேக்கல்லயா, உம்மா?"

"கேட்டாங்க."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"அது அரிசி இல்லயே மகள். அது பரக்கத்து."

போனில் நிஷ்மியா அழுவது மட்டும் கேட்டது. ஏசியிருந்தால்கூட மஸீனா தாங்கியிருப்பாள்.

திருப்பி எடுப்பதென்றால் எங்கே எடுப்பது? பயணம் போகவில்லை, வீட்டைத் திருப்பித் தாங்க என்று கேட்கலாம் என நினைத்து, அந்த ஆசிரியை வீடு வரை போனாள். அங்கே அவர்கள் வாடகை வீட்டைக் காலி செய்ய, சட்டி பானைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு கேட்க வாய் வரவில்லை. சும்மா சுகம் விசாரிக்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். வரும் வழியெல்லாம் யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதைத் தவிர வேறு சொல் அவள் வாயில் இல்லை.

எரிக்கச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவரைக் கேட்காமல் எப்படிச் சொல்வது? இத்தனை வருட வாழ்க்கையில் அவர் உடுத்துக் கிழிந்த சாரத்தைக்கூட அவரைக் கேட்காமல் அவள் வீசியதில்லை. விளங்குமோ விளங்காதோ, சொல்லாமல் செய்தால் துரோகம் என்று மனது அடித்துக்கொண்டது.

அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் வாசற்படியில் தொப்பியும் செருப்பும் போட்டு, துவாயை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தார். மஸீனா பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கட்டிலை எரிக்கப் போகிறார்கள், கதிரையை எரிக்கப் போகிறார்கள், உடுப்பு ஒன்றும் மிஞ்சாது, எல்லாம் என்னால்தான், நான் வைத்த ஒரு பிடி அரிசியால்தான். சொல்லச் சொல்ல அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நுஹ்மான் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவள் முந்தானையை விலக்கியபோது, எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் கண்கள் தெளிவாக, அவள் முகத்தையே பார்த்தன. தன்னை அடையாளம் கண்டுவிட்டார் என்று மஸீனா நினைத்தாள்.

"அழாதீங்க தங்கச்சி," என்றார். "நல்லதுக்குன்னு நினச்சுத்தானே வச்சீங்க? உங்கட புருசன்கிட்ட இப்பிடியே சொல்லுங்க. ஏசமாட்டாரு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"உங்களுக்குப் போக இடம் இல்லேன்னா எங்கட ஊட்டுக்கு வாங்க. எங்கட மஸீனா இருக்கா. நல்ல மனுசி. சுடச்சுட ஒரு பிளேன்டி ஊத்தித் தருவா."

மஸீனா போனை எடுத்தாள். எரிக்கச் சொல் என்று மகளிடம் சொன்னாள். பிறகு முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் நீட்டிய கையைப் பிடித்து எழுந்து, அவரோடு றோட்டில் இறங்கி நடந்தாள்.