வாடகைக்கு விட வாங்கிய வீடு

கல்யாண வீடுகளில் என்னைத் தேடி வரும் இளசுகள் கேட்பது ஒரே கேள்விதான். "அங்கிள், வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?" தாராளமாக விடலாம் என்பேன். ஆனால் காண்ட்ராக்டரைச் சுவரில் கைவைக்க விடுவதற்கு முன்னால் நன்றாக யோசி. கூட்டாளி வேண்டுமென்றால் ஊர் பேர் தெரியாத ஆளாகப் பார்; கூடப் பிறந்தவர்களோடு மட்டும் சேராதே. வாடகைக்காரன் குளிக்க ஒரு குழாய் போதும், அதைத் தங்கத்தில் போடாதே. பிள்ளைகள் பயபக்தியோடு கைப்பேசியில் குறித்துக்கொள்கிறார்கள். இந்த ஞானமெல்லாம் எங்கே கிடைத்தது என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! கேட்பதில்லை.

கிள்ளானில் கிடைத்தது. மாடியில்லாத ஒரு வரிசை வீடு. நானும் என் தங்கையும் பாதிப் பாதியாக வாங்கினோம். அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் நடந்த சொத்து முதலீட்டு வகுப்புக்குப் போய் வந்தவன். அங்கே நல்ல சாப்பாடு. ஆகவே வாங்கும்போதே, இந்தக் கூட்டில் மூளை என்னுடையது என்று முடிவாகிவிட்டது.

எனக்கு அது வருமானம் தரப்போகும் வீடு. என் தங்கைக்கு அது குடிபோகப் போகும் வீடு. இதை அவள் என் மனைவியிடம் சொல்லியிருந்தாள், பக்கத்து வீட்டு ஆன்டியிடம் சொல்லியிருந்தாள், பிறகு காண்ட்ராக்டரிடம்கூடச் சொன்னாள். என்னிடம் மட்டும், "இன்வெஸ்ட்மெண்ட்தானே அண்ணே" என்றாள். உண்மையைச் சொன்னால் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அண்ணனைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம்.

கல்யாணமானதிலிருந்து அவள் பிரிக்பீல்ட்ஸில் மாமியாரின் அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். சாம்பாருக்கு எவ்வளவு புளி என்பது அங்கே மாமியாரின் இலாகா. கொடுமையெல்லாம் கிடையாது, அன்பான மனுஷிதான், பாவம், கரண்டியை மட்டும் கீழே வைக்கமாட்டார். மாப்பிள்ளையோ தங்கமானவர். தனியாக ஒரு வீடு பார்க்கலாமா என்று தங்கை கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம்" என்றார். மகள் பிறந்தபோது கேட்டாள், பார்க்கலாம். மகள் பள்ளிக்கூடம் போனபோது கேட்டாள், பார்க்கலாம். மகள் படிப்பதற்காகப் பினாங்குக்குப் போன பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, என்னைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டாள்.

காண்ட்ராக்டரை நான்தான் பிடித்தேன். கோயில் அன்னதானத்தில் எனக்குப் பக்கத்து இலை. நெற்றி நிறையத் திருநீறு. அதற்கு மேல் என்ன விசாரிப்பது? வந்த அன்றைக்கே சமையலறைச் சுவரை இடித்துத் தள்ளிவிட்டு ஆள் காணாமல் போனார். இந்தத் தொழிலின் சூட்சுமமே அதுதான். பாதி இடித்த வீட்டை வேறு எவனும் தொட வரமாட்டான், வந்தாலும், "அடடா, யாரு பாஸ் இந்த வேலை பார்த்தது?" என்று தலையில் கைவைத்துவிட்டு விலையை ஏற்றுவான். போன் செய்தால் பின்னணியில் யார் வீட்டிலோ சுவரைத் துளைக்கும் சத்தம் கேட்கும்.

"எங்கய்யா இருக்கே?"

"ஆன் தி வே அண்ணே. ஜாம் லா."

"இந்த ஜாம் போன வாரமே ஆரம்பிச்சதாச்சே?"

"டெங்கில் பக்கம் ஒரு வீட்டுல சின்ன வேலை அண்ணே, முடிச்சிட்டு ஓடியாறேன்."

ஒருவழியாக வந்து சேர்ந்தபோது இன்னொரு வேடிக்கை. காலையில் நான் போய், சிங்க் ஒற்றைத் தொட்டி போதும் என்றால் "ஓகே அண்ணே" என்பார். சாயங்காலம் தங்கை போய் இரட்டைத் தொட்டி கேட்டால் "ஓகே டீச்சர்" என்பார். கடைசியாகச் சொன்னவர் சொன்னதுதான் நடக்கும். சாயங்காலம் எப்போதும் காலைக்குப் பிறகுதான் வரும் என்பது என் முதலீட்டு மூளைக்கு உறைக்கவில்லை. சமையலறைக்கு ஜன்னல் வேண்டாம், கிரில் செலவு மிச்சம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த முறை போனால் பின்பக்கத்துச் சந்துப் பக்கம் பார்த்தபடி அகலமாக ஒரு ஜன்னல்.

"யாரைக் கேட்டு இதை வச்சே?"

"டீச்சர்தான் அண்ணே. அடுப்புகிட்ட நின்னா வேர்க்குமாம்."

"வேர்த்தா வாடகைக்காரனுக்கு வேர்க்கட்டும்யா! டீச்சருக்கு என்ன வந்துச்சு?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். என் காசில் ஜன்னல் வைத்துவிட்டு என்னையே பரிதாபமாகப் பார்க்கிறானே என்று எனக்கு எரிந்தது.

வேலை முடிந்தும் முடியாமலும் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாடகைக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கல்யாணமாகாதவர், சமைக்காதவர். இப்படி ஒருவர் அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். உள்ளே தங்கை முட்டிபோட்டு டைல்ஸ் இடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "இந்த வீடு வாடகைக்கு இல்ல தம்பி, நான் வரப்போறேன்" என்றாள்.

அவரைக் காரில் உட்காரச் சொல்லிவிட்டு வந்து கத்தினேன். நன்றாகவே கத்தினேன், பக்கத்து வீட்டு ஆன்டி இன்னும் தெளிவாகக் கேட்பதற்காக ரேடியோவைக் குறைத்தார்.

"மாப்பிள்ளை என்ன சொல்றாரு?"

"அவர் என்ன சொல்வாரு? எப்பவும் போலப் பார்க்கலாம்பாரு."

"அப்ப நீ மட்டும் தனியா வந்து உட்காரப்போறியா? நாலு பேரு என்ன பேசுவாங்க? என் பாதிக்கு யாரு பதில் சொல்றது?"

"உங்க பாதிக்கு நான் வாடகை தரேன். வேற என்னண்ணே வேணும் உங்களுக்கு?" அவள் குரல் உடைந்தது. "ஒரு வீட்டுல, ஒரே ஒரு வீட்டுல, நான் வச்ச இடத்துல உப்பு ஜாடி இருக்கணும். அவ்வளவுதான் நான் கேக்குறது."

எனக்குக் கோபம் அடங்கவில்லை. அது யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "முதல்ல பால் காய்ச்சு, அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சூப்பர்வைசரிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். வீட்டில் மனைவியிடம் பொரிந்து தள்ளியபோது, அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்களுக்கு இப்பதான் தெரியுமா?" என்றாள்.

பால் காய்ச்சும் நாளில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து மொத்தக் குடும்பமும் வந்திறங்கியது. அவர்களைப் பொறுத்தவரை இது வாடகை வீடு; சாமி கும்பிட்டு, சாப்பிட்டு, பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியது. மாமியார் வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குப் போய்க் கரண்டியைத் தேடினார். "நீங்க உக்காருங்க அத்தை, நான் பார்த்துக்கிறேன்" என்றாள் தங்கை. அவரும் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு மட்டும் நேரத்துக்கு வந்திருந்த காண்ட்ராக்டர் முதல் பந்தியில் சாப்பிட்டார். மாப்பிள்ளை அறை அறையாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்ல வாடகை வரும் மச்சான்" என்றார். அறைக் கதவுக்குப் பின்னால் தங்கையின் சூட்கேஸ் இருந்தது. அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

சாயங்காலம் எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். "வாம்மா, ஹைவே ஜாம் ஆயிடும்" என்று மாமியார் காருக்குள்ளிருந்து கூப்பிட்டார். தங்கை வாசலை விட்டு இறங்கவில்லை.

"போயிட்டு வாங்க அத்தை" என்றாள். பிறகு கணவரைப் பார்த்து, அதே மரியாதையோடு, "நீங்களும் போயிட்டு வாங்க" என்றாள்.

மாப்பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது. "என்ன மச்சான் இது?" என்று என்னிடம் திரும்பினார். தங்கையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பாதி என்னுடையது, மூத்தவன் நான், "கிளம்பும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் சூட்கேஸை எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிடுவாள். ஏறிவிடுவாளே என்றுதான் எனக்குப் பயம்.

"போறப்ப கேட்டை நல்லா சாத்திட்டுப் போங்க மாப்பிள்ளை" என்றேன். "தங்கச்சி வீட்டுல தனியா இருக்கா."