சகலையின் காக்கி கால்சட்டை

இரண்டாவது உலக யுத்தம் முடிவதற்கு முந்தைய வருஷம், புரட்டாசி மாதம் இது நடந்தது. அரிமளம் கடைத்தெருவின் கோடியில் ஒரே ஒரு மெஷினைப் போட்டுத் தையல் கடை வைத்திருந்தேன். எனக்கு வயது இருபத்தாறு. துணிக்குக் கட்டுப்பாடு வந்திருந்த காலம். புதுத் துணி தைக்க வருகிறவர்கள் குறைந்துபோய், கிழிசலுக்கு ஒட்டுப்போடவும் அப்பன் சட்டையை மகனுக்கு வெட்டிக் கொடுக்கவும்தான் ஆட்கள் வந்தார்கள். வேலை குறைந்தால் கைக்கு ஓய்வு கிடைக்கும், வாய்க்குக் கிடைக்காது. அந்த வருஷம் என் கடையில் தைத்ததைவிடப் பேசியதுதான் அதிகம்.

என் மனைவியின் வீடு திருவரங்குளம். அவள் தங்கைக்கு எங்கள் பக்கத்துக் கிராமத்தில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை பட்டாளத்தில் இருந்தார். அவர் லீவில் வந்ததும், புரட்டாசி கழிந்து ஐப்பசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மூத்த மருமகன் என்ற முறையில் அந்த வீட்டின் நல்லது கெட்டதெல்லாம் என் பொறுப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

ஒரு நாள் மத்தியானம் அந்த மாப்பிள்ளை என் கடை முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு காக்கி கால்சட்டை. ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"அண்ணே, இடுப்பு லூசா இருக்கு. நாலு வெரக்கடை பிடிச்சுக் குடுங்க."

"எப்ப வேணும் தம்பி?"

"ஒண்ணும் அவசரமில்லண்ணே. மெதுவாக் குடுங்க, போதும்."

அவ்வளவுதான் பேச்சு. போய்விட்டார். எனக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டது. நான் ஊசி பிடித்த நாளிலிருந்து, அவசரமில்லை என்று சொன்ன ஒரு ஆளைப் பார்த்ததில்லை. தீபாவளிச் சட்டைக்கு ஆடியிலேயே வந்து கழுத்தைப் பிடிக்கிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். பட்டாளத்துக்காரன் லீவு என்றால் விரலை விட்டு எண்ணிவிடலாம். அவனுக்கு அவசரமில்லை என்றால் என்ன அர்த்தம்? திரும்பிப் போகிற எண்ணமே இல்லை என்று அர்த்தம். போகிற எண்ணம் இல்லை என்றால்? ஓடிவந்துவிட்டான் என்று அர்த்தம். ஒரு கால்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவையும் கண்டுபிடித்துவிட்டேனே என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

சாட்சிகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மண்டையைப் பிளக்கிற வெயிலில், ஊருணிக் கரைப் புளியமரத்தடியில், தலையோடு கால் போர்வையால் மூடிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். முகத்தை மறைக்காமல் வேறு எதற்கு? "மகனுக்கு எத்தனை நாள் லீவு ஆத்தா?" என்று அவருடைய தாயாரிடம் கேட்டேன். அந்த அம்மாள், "வந்திருக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இதை நான் ஊரெல்லாம் சொல்லவில்லை. மூன்று பேரிடம் மட்டும், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்ற கண்டிப்போடுதான் சொன்னேன். மறுநாள் அந்தச் செய்தி நாலாவது ஆள் ஒருவர் வழியாக என் கடைக்கே திரும்பி வந்தது. அதற்குள் அது நன்றாக வளர்ந்திருந்தது. மாப்பிள்ளை ஒரு வெள்ளைக்கார அதிகாரியை அடித்துப் போட்டுவிட்டு ஆற்றில் நீந்தித் தப்பித்து வந்திருந்தார். எனக்கே அது புதுச் செய்தி. அப்படியா என்று கேட்டு, நானும் நம்பினேன்.

மூன்றாம் நாள் மாமனார் திருவரங்குளத்திலிருந்து வந்து இறங்கினார். சின்னவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, அழுதுகொண்டே இருக்கிறாள் என்றார். "போலீஸ்ல ஒரு வார்த்தை விசாரிச்சுச் சொல்லுங்க மாப்ளே. உள்ளதுதான்னா வெத்தலைபாக்கைத் திருப்பி அனுப்பிருவோம். ஜெயிலுக்குப் போறவனுக்கா பிள்ளையக் குடுப்பாக?" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டார்.

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "அவருகிட்டயே ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"திருடன்கிட்டப் போயி, நீ திருடுனியான்னு கேப்பாகளா?"

"அவரு திருடன்னு யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"ஊருக்கு யாரு சொன்னா?"

நான் நூலைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டு அடுத்த பித்தானை எடுத்தேன்.

மறுநாள் காலையில் புதுக்கோட்டைக்குப் புறப்பட்டேன். புறப்படுகிறபோதுதான் ஒரு யோசனை தோன்றியது. வேட்டி கட்டிக்கொண்டு போகிறவனை ஸ்டேஷன் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். கால்சட்டை போட்டுப் போனால் உட்காரச் சொல்வார்கள். என்னிடம் கால்சட்டை கிடையாது. ஆனால் என் கடையில் ஒன்று இருந்தது. இடுப்பைப் பிடித்து முடித்து, இஸ்திரியும் போட்டு வைத்திருந்தேன். வாடிக்கையாளர் துணியை ஒரு நாள் போட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் பெரிய பாவமில்லை. தையல்காரனும் சலவைக்காரரும் நல்லது கெட்டதுக்கு எதைப் போட்டுக்கொண்டு போகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? போட்டுப் பார்த்தேன். எனக்கே அளவெடுத்தது போல் இருந்தது. இடுப்புப் பட்டியின் உள்பக்கத்தில் கறுப்பு மையில் பட்டாளத்து நம்பர் அச்சடித்திருந்தது. போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று வழியெல்லாம் அதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய யுத்த காலத்து பஸ். மேட்டைக் கண்டால் நின்றுவிடும். இறங்கித் தள்ள வேண்டும். கால்சட்டை போட்டிருந்த ஒரே ஆள் நான் என்பதால் கண்டக்டர் என்னைத் தள்ளச் சொல்லவில்லை. அந்த மரியாதையை அனுபவித்துக்கொண்டே போய் இறங்கினேன். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரிலேயே ஒரு போலீஸ் ஸ்டேஷன் இருந்தது.

உள்ளே ஒரு ஏட்டையா எழுதிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தி, "பட்டாளத்தை விட்டு ஓடிவந்த ஒரு ஆளைப் பத்திச் சொல்லணுமுங்க" என்றேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு கால்சட்டையைப் பார்த்தார். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"தானா வந்தது நல்லதாப் போச்சு தம்பி. தண்டனை கொறையும்."

நான் இல்லை, வேறொருத்தர் என்றேன். "எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். இடுப்புப் பட்டியைத் திருப்பிப் பார்த்தார். அந்த நம்பர் என்ன என்று கேட்டார். நான் கடகடவென்று ஒப்பித்தேன். ஏட்டையா முகத்தில் ஒரு சந்தோஷம். சொந்த நம்பர் இல்லாவிட்டால் இவ்வளவு சுத்தமாக எவன் ஒப்பிப்பான் என்று பக்கத்தில் இருந்த கான்ஸ்டபிளைக் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நான் பட்டாளத்துக்காரன் இல்லை என்று சத்தியம் செய்தேன். முற்றத்தில் லெஃப்ட் ரைட் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். கையும் காலும் ஒரே பக்கமாகப் போயின. கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "நல்லா நடிக்கிறான்" என்றார். நன்றாக நடந்திருந்தால் பட்டாளத்துக்காரன், கோணலாக நடந்தால் நடிக்கிற பட்டாளத்துக்காரன். அப்புறம் நான் எப்படித்தான் நடப்பது? இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். அப்போதுதான் அரிமளம் திரும்புகிற பஸ்ஸின் கண்டக்டர் வெளியே நின்று வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போனார்.

கடைசி ஆயுதமாக, நான் தையல்காரன், ஊசியும் நூலும் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்கள். ஏட்டையா சட்டையில் பித்தான் ஓட்டைக்கு ஒரு காஜா எடுத்துக் காட்டினேன். அசந்துபோனார். உடனே மற்றவர்களும் சட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் அந்த ஸ்டேஷனில் பித்தான் இல்லாத சட்டையே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, "அப்ப நான் போகலாமுங்களா?" என்று கேட்டேன்.

"பட்டாளத்துலயும் தையக்காரங்க இருக்காங்கப்பா" என்றார் ஏட்டையா, புதுப் பித்தானைத் தடவிக்கொண்டே. மறுநாள் திருச்சிக்கு அனுப்பி ராணுவத்திடம் ஒப்படைக்கப் போவதாகவும் சொன்னார்.

இதுவரை கோபமாக இருந்த எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. என்னைத் தெரிந்த ஒரு ஆள் அங்கே கிடையாது. நான் சொல்வது ஒவ்வொன்றும் எனக்கு எதிராகவே திரும்புகிறது. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், இவன் சொல்வது உண்மையாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தால் போதும் என்று இருந்தது. புளியமரத்தடியில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தவரை நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் கண்டக்டர் அரிமளத்தில் இறங்கி நேராக என் மனைவியிடம் போய், "ஒங்க வீட்டுக்காரரு பட்டாளத்துல சேந்துட்டாரா? போலீஸ் ஸ்டேஷன்ல லெஃப்ட் ரைட் போட்டுக்கிட்டு இருக்காரு" என்று கேட்டிருக்கிறார். அவள் கடைக்குள் பார்த்தாள். காக்கி கால்சட்டையைக் காணோம். என் அருமை தெரிந்தவள் அல்லவா, நடந்தது விளங்கிவிட்டது. வேறு எங்கும் போகவில்லை. நேராக அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு நடந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் ஸ்டேஷனுக்குள் வந்தார். வேட்டி கட்டி, அதே போர்வையைப் போர்த்தியிருந்தார். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். இன்ஸ்பெக்டர் சத்தமாகப் படித்துத் தமிழில் சொன்னார். மலேரியாக் காய்ச்சலில் அஸ்ஸாம் பக்கம் ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்தவர். இரண்டு மாதம் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அவசரமில்லை என்று ஏன் சொன்னார் என்பது எனக்கு அப்போது புரிந்தது. இடுப்பு ஏன் லூசானது என்பதும், அந்த அம்மாள் ஏன் கதவைச் சாத்தினார் என்பதும் புரிந்தது. கல்யாணத்துக்கு நாள் பார்த்திருக்கிற மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எந்தத் தாயார் ஊருக்குச் சொல்வார்?

இன்ஸ்பெக்டர் என்னைக் காட்டினார். "நீதான் பட்டாளத்தை விட்டு ஓடிவந்தவன்னு இந்த ஆளு புகார் குடுக்க வந்தானாமே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அண்ணன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாருங்க" என்றார். "கால்சட்டை நான் தைக்கக் குடுத்தது. போட்டு நாலு எட்டு நடந்து பாத்திருப்பாரு. நடந்து பாத்தாத்தானே இடுப்பு நிக்குதான்னு தெரியும்."

"அரிமளத்துலருந்து புதுக்கோட்டை வரைக்குமா நடந்து பாப்பாங்க?"

"நல்ல தையக்காரருங்க" என்றார் அவர்.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னை விட்டுவிட்டார். ஆனால் பட்டாளத்து உடுப்பைப் பட்டாளத்தில் இல்லாதவன் போடக்கூடாது, கழற்றி வைத்துவிட்டுத்தான் வாசல்படி இறங்க வேண்டும் என்றார். கழற்றினேன். உள்ளே ஒரு கோவணத்தைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை. எனக்குச் சகலையாகப் போகிறவர் தன் போர்வையை எடுத்து என்னிடம் கொடுத்தார். எந்தப் போர்வையை நான் சாட்சியாக வைத்துப் பேசினேனோ அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு, காய்ச்சலில் நடுங்குகிற மனுஷரின் பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்குத் திரும்பினேன். பஸ் மேட்டில் நின்றபோது கண்டக்டர் இந்தத் தடவை முதலில் என்னைத்தான் இறங்கித் தள்ளச் சொன்னார்.

வழியில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அழுகை வந்துவிட்டது.

"பட்டாளத்துல ஒருத்தன் ஆஜர்ல இல்லேன்னா, ஓடிட்டான்னு ஒடனே எழுதிற மாட்டாகண்ணே" என்றார். "மொதல்ல ஆஸ்பத்திரியில தேடுவாக. பொறகு வழியில எங்கிட்டாச்சும் விழுந்து கெடக்கானான்னு தேடுவாக. எங்கிட்டும் இல்லேன்னாத்தான் எழுதுவாக."

வீட்டில் என் மனைவி என் இடுப்பில் இருந்த போர்வையை ஏற இறங்கப் பார்த்தாள். "வேலியில போற ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்குவாகன்னு சொல்லுவாக. நீங்க அதுக்குன்னு அடுத்தவுக கால்சட்டையவே போட்டுக்கிட்டுப் போயிருக்கீக" என்றாள். சாப்பாடு போட்டாள்.

மாமனாரிடம் போய், லீவுக் காகிதத்தை என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். காய்ச்சலைப் பற்றி மூச்சு விடவில்லை. வாழ்நாளில் நான் காப்பாற்றிய முதல் ரகசியம் அதுதான். ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. சகலை பட்டாளத்துக்குத் திரும்பிப் போய், யுத்தம் முடிந்து நல்லபடியாக வந்து சேர்ந்தார். அன்றைய சங்கதியை மாமனார் வீட்டில் ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் துணியை என் மெஷின்மேல் வைத்துவிட்டு, சிரிக்காமல், "போட்டு நடந்து பாத்துட்டுக் குடுங்கண்ணே" என்று மட்டும் சொல்வார்.

இப்போது எனக்குப் பேரன் பேத்திகள் பெயரே குழம்புகிறது, அந்த இடுப்புப் பட்டி நம்பர் மட்டும் மறக்கவில்லை. யாரைப் பற்றியாவது ஒரு சங்கதி நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம் அந்த நம்பரும் கூடவே வந்து நிற்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு, அந்த ஆளை முதலில் ஆஸ்பத்திரியில் தேடுகிறேன்.