வயலின் அக்கா, நாற்காலி அக்கா ஆன விதம்

பல்கலைக்கழகத்தின் கணினி இசைப் பிரிவில் எல்லோரும் அவரை வயலின் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அக்காவுக்கு வயலின் வாசிக்கத் தெரியாது. வயலினே இல்லாமல் வயலின் ஒலியைக் கணினியில் உண்டாக்குவதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. வில் தந்தியைப் பற்றி இழுப்பதையும் தந்தி நழுவி ஓடுவதையும் சமன்பாடுகளாக்கி, வினாடிக்கு நாற்பத்து நாலாயிரம் எண்களாகக் கணக்கிட்டு ஒலிபெருக்கிக்கு அனுப்ப வேண்டும். முதல் இரண்டு வருடம் அது கொசு மாதிரி கத்தியது. மூன்றாம் வருடம் கொசுவுக்குச் சளி பிடித்தது.

"கடையில போய்க் கேட்டா ஒரு வயலின் குடுக்க மாட்டாங்களாடி?" என்று அம்மா போனில் கேட்பார்.

எட்டாவது வருடம் சோதனைக்கு நாள் குறித்தார்கள். நாற்பது பேர் காதில் ஹெட்போன் மாட்டி, நிஜ வயலின் ஒன்றையும் கணினி வயலின் ஒன்றையும் கேட்டு, எது நிஜம் என்று சொல்ல வேண்டும். நிஜத்துக்காக வாசிக்க வந்த கலைஞர் கொஞ்சம் கனத்த உடம்புக்காரர். அவர் சாயும்போதெல்லாம் ஒலிப்பதிவு அறையின் நாற்காலி கிரீச்சிட்டது. அதைப் பழுதுபார்க்கச் சொல்லிப் பராமரிப்புப் பிரிவுக்கு மூன்று கடிதம் போயிருந்தது. "உடைந்த பிறகு தெரிவிக்கவும்" என்று ஒரே ஒரு பதில் வந்திருந்தது. அக்கா உட்கார்ந்து ஒவ்வொரு கிரீச்சையும் வெட்டித் தனி ஒலித்தடத்தில் ஒதுக்கி வைத்தார். கோப்புகளைச் சேர்க்கிற அவசரத்தில் அந்தத் தடத்தை அணைக்க மறந்தார். அது போய்க் கணினி வயலினோடு ஒட்டிக்கொண்டது.

நாற்பதில் முப்பத்தொரு பேர் கணினி வயலினையே நிஜம் என்றார்கள். பேராசிரியர் சொந்தச் செலவில் கேக் வாங்கினார். துறையில் அப்படி ஒன்று அதுவரை நடந்ததில்லை.

மறுநாள் ஒலிக்கோப்பை நிதானமாகக் கேட்டபோதுதான் கணினி வயலினோடு கிரீச் ஒட்டியிருப்பது அக்காவுக்குத் தெரிந்தது. நேரே பேராசிரியர் அறைக்குப் போனார்.

"சார், அவங்க வயலினை நம்பல. நாற்காலியை நம்பியிருக்காங்க."

"யாராவது கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் நீங்களா ஏம்மா வாயைத் திறக்கறீங்க? கேக் கூட தின்னு முடிச்சாச்சு."

அக்கா கேட்கவில்லை. கிரீச் இல்லாமல், புதிதாக நாற்பது பேரை வைத்துச் சோதனையைத் திரும்ப நடத்தினார். ஒன்பது பேர்தான் ஏமாந்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். பொம்மைக் கடையில் ஒரு கீபோர்டு வாங்கி, அதன் வயலின் பொத்தானை அமுக்கிப் பதிவு செய்து, அதனுடன் கிரீச்சைச் சேர்த்து, இன்னும் நாற்பது பேருக்குப் போட்டுக் காட்டினார். முப்பத்துமூன்று பேர் நிஜம் என்றார்கள். தன் எட்டு வருடத்தைவிட இரண்டு ஓட்டு கூடுதல்.

இரண்டு நாள் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக் கிடந்தார். மூன்றாம் நாள் எழுந்து, ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் எழுதி ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமாகச் சேர்த்தார். பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

தேர்வாளர்கள் வயலின் பற்றிய நான்கு அத்தியாயங்களையும் மரியாதையாகத் தாண்டிப் போனார்கள். நாற்காலிக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பட்டம் கிடைத்தது. அந்த அத்தியாயம் கட்டுரையாக வெளிவந்து ஊர் ஊராகப் போனது. அக்கா நாற்காலி அக்கா ஆனார். கிரீச்சை ஆராய மூன்று வருட நிதி வந்தது. அதே வாரம், விஷயத்தைக் கேள்விப்பட்ட பராமரிப்புப் பிரிவுத் தச்சர் யாரும் கூப்பிடாமலே வந்து சேர்ந்தார்.

"இவ்வளவு பெரிய ஆராய்ச்சி நடக்கற இடத்துல இதை இப்படியா கத்த விடுவாங்க? சரி பண்ணிட்டேன் மேடம். இனி மூச்சு விடாது."

அதற்கப்புறம் கத்துகிற நாற்காலி தேடி அக்கா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்.

"நாற்காலிக்கு டாக்டரா? சொந்தக்காரங்ககிட்ட நான் என்னன்னுடி சொல்றது?" என்றார் அம்மா.

"மரவேலைன்னு சொல்லிடும்மா."

ஒரு மாநாட்டில் முந்நூறு பேர் முன்னால் பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது. மரமா, இரும்பா, சக்கரம் வைத்ததா என்று எல்லோரும் நாற்காலியைப் பற்றியே கேட்டார்கள். சாப்பாட்டுக்கு மணியடித்ததும் அரங்கம் காலியானது. ஒலிபெருக்கிக்காரர் மட்டும் மேடையில் வயர் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், நடுவுல ஒரு வயலின் வந்துச்சே, அதை நாற்காலி இல்லாம முழுசா போடுவீங்களா?"

"அது நிஜ வயலின் இல்லீங்க."

"தெரியுது. அதான் கேக்கறேன்."

அக்கா போட்டார். இரண்டு நிமிடம் ஓடியது. ஒலிபெருக்கிக்காரர் வயரைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"வில்லு திரும்பற இடத்துல லேசா தயங்குது பாருங்க, அது நல்லாருக்கு."

அந்தத் தயக்கத்துக்குத்தான் ஆறாவது வருடம் முழுதும் போயிருந்தது. அக்கா அதைச் சொல்லாமல், பதிவை மறுபடி ஆரம்பத்துக்கு இழுத்து வைத்தார்.

"இன்னொரு தடவை போடட்டுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"போடுங்க மேடம். அடுத்த கூட்டம் மூணு மணிக்குத்தான்."