ரிமோட் காருக்குக் காய்ச்சல்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மானம் கப்பலேறியது.

பெருங்களத்தூரில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் ரிமோட் கார் ரேஸ். ஐம்பதைத் தாண்டிய பெண்மணிக்கு இதெல்லாம் தேவையா? தேவைதான்! ஆனால் என் புத்தம்புதுச் சிவப்புக் கார், இரண்டாவது சுற்றிலேயே கருகல் வாசனையோடு படுத்துவிட்டது. கீழ் வீட்டுக் கணக்கு வாத்தியார் ஸ்டீபன் சும்மா இருப்பாரா?

"என்னக்கா, இழுத்துட்டுப் போக தாம்பரத்துலேர்ந்து டோ வண்டி வரச் சொல்லட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த ஞாயிறு இந்த ஸ்டீபனை ஜெயிக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

தொட்டால் மோட்டார் கொதித்தது. அதற்குக் கரன்ட் அனுப்பும் குட்டி சர்க்யூட்டும் கொதித்தது. பேட்டரிக் கோளாறோ? மாற்றினேன். கனெக்டர் லூஸோ? சால்டரிங் செய்தேன் — விரலையும் சேர்த்துச் சுட்டுக்கொண்டேன். மோட்டார் மேல் சின்ன ஃபேன்கூட மாட்டினேன். ஊஹூம்...

"தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கேன் மாலதி," என்றார் கணவர். விடுவேனா?

மோட்டாரைத் தனியாகக் கழற்றி ஓட்டிப் பார்த்தேன். சூடே இல்லை! அப்படியென்றால் தப்பு மோட்டாரில் இல்லை. எதையோ இழுக்க முடியாமல் இழுத்துத்தான் சூடாகிறது. சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றினேன். பின்பக்க வலது சக்கரம் மட்டும் அடம்பிடித்தது.

கழற்றினேன். உள்ளே அச்சை இறுக்கிச் சுற்றியபடி... ஒரு கறுப்புக் கயிறு.

"இதை யாருங்க கட்டினது?"

கணவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். "புது வண்டியாச்சே... கண்ணு படக் கூடாதேன்னு நான்தான்..."

கத்த நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. பாவம், ஆசையாகத்தான் கட்டியிருக்கிறார். யோசித்தால், மனிதர்கள் விஷயத்திலும் நாம் இப்படித்தானே? சூடாகிறவரைத் திட்டுகிறோம். அவர் காலில் என்ன சுற்றியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை.

ஞாயிறு வந்தது. என் கார் கடைசிச் சுற்றுவரை பறந்தது. ஸ்டீபனின் கார் ஒரு முழம் பின்னால்! "டோ வண்டி சொல்லவா வாத்தியாரே?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு மனசு ஆறியது.

வீட்டுக்கு வந்தால், கணவர் அந்தப் பழைய கயிற்றைத் தூக்கிக் காட்டுகிறார். "பாத்தியா, கயிறே பொசுங்கிப் போச்சு. எவ்ளோ பெரிய கண்ணு பட்டிருக்கும்!"

இப்போது புதுக் கயிறு ஒன்று அவர் மணிக்கட்டில் இருக்கிறது. நான்தான் கட்டிவிட்டேன் — கொஞ்சம் இறுக்கமாக.