விளக்குத் தூணுக்குள் நான்கு விரல்கள்

காதர் பாயை அன்று நான் அடித்திருப்பேன். வயதில் மூத்தவர் என்பதால் விட்டேன்.

கோயமுத்தூர் கணபதியில் எங்கள் ஃபவுண்டரி, இரும்பு வார்க்கும் பட்டறை. நான் சூப்பர்வைசர், பாய் வார்ப்புக்கு மரத்தில் பேட்டர்ன் செய்பவர். அமெரிக்காவில் ஓர் ஊரில் ஆற்றின் மேல் பழைய இரும்புப் பாலம். ஊருக்கே அதுதான் அடையாளமாம். அதன் விளக்குத் தூண்களில் சிலவற்றின் அடிப்பாகம் விரிசல் விட்டிருந்தது. புதிதாக வார்த்துத் தர வேண்டும். சாம்பிளாக உடைந்த அடிப்பாகம் ஒன்றும் ஒரு போட்டோவும் வந்தன. போட்டோவில் ஒரே பனிமூட்டம், பாலம் பாதிதான் தெரியும். மீதியை நான் தூக்கத்தில் பார்க்க ஆரம்பித்தேன். பகலில் உலைப் புகைக்குள் நின்றாலும் அந்தப் பனியில் நடப்பது போலவே இருக்கும். விளக்குகள் ஒவ்வொன்றாக வரும், போகும். அக்கரை மட்டும் வராது.

முதல் லாட் வார்த்துவிட்டோம். வீடியோ காலில் இன்ஸ்பெக்‌ஷன். அன்று காலை ஒரு பீஸுக்குள் டார்ச் அடித்தேன். உட்சுவரில் நான்கு விரல்கள் புடைத்து நின்றன. எல்லாப் பீஸிலும் அதே நான்கு.

"என்ன பாய் இது?"

"சாம்பிள்ல இருக்குதுங்க."

இருந்தது. தூணுக்குள் கூடு விழுவதற்காக அச்சின் நடுவில் வைக்கும் மணல் உருவம்தான் கோர். அந்தக் காலத்தில் எவனோ அது இறுகும் முன்பே பிடித்துத் தூக்கியிருக்கிறான். விரல் பதிந்த பள்ளத்தில் இரும்பு நிறைந்துவிட்டது. அதைப் பாய் அப்படியே கோரை வடிக்கும் மரப் பெட்டியில், கோர் பாக்ஸில், செதுக்கியிருக்கிறார்.

"டிராயிங்ல இருக்குதா?"

"இல்லீங்க. சாம்பிள்ல இருக்கறது அத்தனையும் வரோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"அழுக்கு இருந்தா அதையும் செதுக்குவீங்களா?"

"அழுக்கு இல்லீங்க. ஆளு."

முதலாளி என்னிடம் சொன்னார்: "இது ரிஜெக்ட் ஆச்சுன்னா நாளையிலிருந்து பாய வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

அமெரிக்க இன்ஜினியர் அம்மா திரையில் வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு நிறையப் பேசினார். முதலாளி எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"பாலத்துல மேயர் பேரு, இன்ஜினியர் பேரெல்லாம் பலகைல இருக்குதாமா. வார்த்தவங்க ஆருன்னு ஒருத்தருக்கும் தெரியாதாமா. அந்த ஃபவுண்டரி ஆத்துக்கு அக்கரைல இருந்துச்சாமா, இப்ப அங்க கார் நிறுத்தறாங்களாமா."

"அப்பப் பாஸுங்களா?" என்றேன்.

"ரிஜெக்ட்டுங்க. அது அந்த ஆளு கையி, அத நீங்க செஞ்சு வெச்சாப் பொய்யிங்கறாங்க. கை வேணும்னா உங்க கைய வைங்க, மறுபடி வார்த்துக் குடுங்கன்னு சொல்றாங்க."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "பாயப் போகச் சொல்லீரலாமுங்களா?" என்றேன்.

முதலாளி என்னை முறைத்தார். "அவரு போயிட்டா அந்த பாக்ஸ ஆரு சரி பண்றது? நீங்களா?"

பாய் உளி எடுத்து பாக்ஸிலிருந்த அந்த விரல்களைச் செதுக்கித் தள்ளினார். முடிந்ததும், "உங்க கைய வைங்க பாய்" என்றேன். சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது.

"நான் மரத்தத் தொடறவனுங்க. மணலத் தொடறது அந்த அம்மணிதானுங்க."

கோர் போடும் சரசு சிரித்தாள். "என் கையா? அமெரிக்காக்காரன் ரேகை பாத்து ஜோசியம் சொல்லப் போறானாக்கும்."

கேஸ் விட்டு மணலை இறுக்கும் முன், ஒவ்வொரு கோரிலும் இடது கையை வைத்து அழுத்தினாள். அந்த லாட் பாஸ்.

ஒரு பீஸைக் கொடுத்தால் அச்சு அசலாக இன்னொன்று செய்வோம் என்ற திமிர் கோயமுத்தூர்ப் பட்டறைகளில் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. அதன்பின் வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்: அளவைக் காப்பி அடியுங்கள். இன்னொருத்தன் கையைக் காப்பி அடிக்காதீர்கள்.

ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பாலம் தூக்கத்தில் வருகிறது. ஒரு தூணுக்குள் பேர் தெரியாதவன் கை, அடுத்த தூணுக்குள் சரசு கை. இப்போதெல்லாம் அக்கரையும் வந்துவிடுகிறது. பனிக்குள் வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒருவன் கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு நிற்கிறான்.