வெலிகா கடையில் புழு புகுந்த கதை

டான்யூப் கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் யாராவது செத்துப்போனால் பாதிரியாருக்கு முன்பே வெலிகாவுக்குத் தெரிந்துவிடும். இறந்த அன்று ஓர் அறிவிப்பு, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, அப்புறம் வருஷா வருஷம். கறுப்புக் கட்டம், நடுவில் படம், கீழே நாலு வரி. வீட்டுக் கதவு, பஸ் நிறுத்தம், தபால் நிலையத்து மரம் என்று ஒட்டாத இடம் கிடையாது. எல்லாம் அவள் கடையில் அச்சானவை.

தையல் ஆலை மூடியபோது வெலிகா அழுதுகொண்டு உட்காரவில்லை. ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கிப் போட்டு, மருந்துக் கடைக்குப் பக்கத்திலேயே கடை திறந்துவிட்டாள். ஸ்பெயினுக்குப் பழம் பறிக்கப் போன கணவன் போனவன்தான். திரும்பி வருவானா என்று யாராவது கேட்டால், "வந்தா அதையும் அடிச்சு ஒட்டுறேன், படிச்சுக்கோங்க" என்பாள். வாய் அப்படி. ஆனால் இறந்தவர் படத்தில் கண் பாதி மூடியிருந்தால், வீட்டாரைத் திருப்பி அனுப்பி வேறு படம் கொண்டுவரச் சொல்வாள். அந்த விஷயத்தில் அவளிடம் யாரும் வாதாட முடியாது.

இறந்தோர் சனிக்கிழமைக்கு முந்தின நாள் கடையில் எள் போட்டால் எள் விழாது. மறுநாள் கோதுமையும் ஒயினுமாக ஊரே கல்லறைக்குப் போகும். அதற்குள் எல்லோருக்கும் அறிவிப்பு வேண்டும். ஆளாளுக்கு ஒரு பென்டிரைவை நீட்டினார்கள். ஆன்டிவைரஸ் ஒவ்வொன்றையும் ஆற அமரச் சோதித்துக்கொண்டிருந்தது.

"இது ஒவ்வொண்ணா மோந்து பாக்கறதுக்குள்ள செத்தவங்களே எழுந்து வந்துடுவாங்க" என்று வெலிகா அதை அணைத்து வைத்தாள். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தவள், சுத்தமாக மறந்துபோனாள்.

புழு நுழைய அது போதும். யார் பென்டிரைவில் வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. வைரஸ் வேறு, புழு வேறு. வைரஸ் இன்னொரு கோப்பின் முதுகில் ஏறிக்கொண்டு போகும். புழுவுக்கு அந்தத் தயவெல்லாம் வேண்டாம். தன்னைத் தானே நகல் எடுத்துக்கொண்டு ஊர்ந்து போகும். இந்தப் புழு பென்டிரைவில் ஏறியதும் அங்கிருக்கும் ஃபோல்டர்களைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டு, அதே பெயரில் போலிகளை வைக்கும். போலியைத் திறந்தால் புழு முதலில் அந்தக் கம்ப்யூட்டருக்குள் குதிக்கும், பிறகுதான் உள்ளே இருப்பதைக் காட்டும். படம் தெரிகிறதே என்று ஆளும் நிம்மதியாக வேலையைப் பார்ப்பார்.

அடுத்த வாரங்களில் பள்ளிக்கூடத்திலும் நகராட்சியிலும் கம்ப்யூட்டர்கள் நொண்டத் தொடங்கின. மருந்துக் கடைக்காரி கலினா எட்டிப் பார்த்து, "ஏண்டி, உன் கடைக்கு வந்துபோன பென்டிரைவ் குச்சிங்க எல்லாம் சீக்குப் புடிச்சு அலையுதாமே" என்றாள்.

"பேரப்பசங்க கண்ட கண்ட விளையாட்டை எறக்குனா சீக்கு வராம என்ன வரும்?" என்று வெலிகா ஒரே போடாகப் போட்டாள்.

அப்போதுதான் மின்கோ வந்தார். ஆற்றில் படகோட்டி ஓய்வு பெற்றவர். மனைவி ரோசிட்சா இறந்து வரும் வாரத்தோடு ஒரு வருஷம்.

"வெலிகாப் பொண்ணு, இதுல ஒண்ணுமே இல்லேங்குதும்மா" என்று பென்டிரைவை மேசைமேல் வைத்தார். "ஞாயித்துக்கெழமையானா டிவியில சொருகி அவ பேசுறதைக் கேப்பேன். பையன் எடுத்த வீடியோ. அவன் போனும் ஜெர்மனில தொலைஞ்சுபோச்சு. இது ஒண்ணுதான் இருக்கு. போன் கடைப் பையன் எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாக்கித் தர்றேன்னான். நான் குடுக்கல."

"நல்ல வேளை, குடுக்காம இருந்தீங்க. வேற எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டீங்க சித்தப்பா?"

"எங்கிட்ட ஏதும்மா கம்ப்யூட்டர்? டிவி, விட்டா உன் கடை."

அப்படியானால் சீக்கு ஏறியது இங்கேதானா? ஒரு புது பென்டிரைவின் உறையைக் கிழித்து, தன் கம்ப்யூட்டரில் செருகி, ஒரு ஃபோல்டரை அதில் போட்டாள். கண் முன்னாலேயே ஃபோல்டர் மறைந்து, அம்புக்குறி ஒட்டிய போலி வந்து உட்கார்ந்தது. ஊருக்கெல்லாம் புழு விநியோகம் அவள் கடையிலிருந்துதான்.

"உக்காருங்க சித்தப்பா" என்றாள்.

முதலில் இணையக் கம்பியைப் பிடுங்கினாள். பென்டிரைவை மட்டும் துடைத்துப் பிரயோஜனமில்லை. கம்ப்யூட்டருக்குள் புழு விழித்திருக்கும்வரை செருகிய நொடியில் மறுபடியும் ஏறிக்கொள்ளும். கலினாவின் கம்ப்யூட்டர் பென்டிரைவையே பார்த்ததில்லை. அதில் புழுநீக்கும் மென்பொருளை இறக்கி, சிடியில் எழுதி வாங்கி வந்தாள். எழுதி முடித்த சிடியில் புழுவால் ஏற முடியாது. கம்ப்யூட்டரை அந்தச் சிடியிலிருந்தே கிளப்பியதால், புழு எழுந்திருக்கவே வழியில்லாமல் போயிற்று. தூங்குகிற திருடனைக் கட்டுவது சுலபம். மென்பொருள் புழுவைத் தேடி அழித்தது. கம்ப்யூட்டர் கிளம்பும்போதெல்லாம் தன்னையும் எழுப்பும்படி புழு எழுதி வைத்திருந்த வரியையும் நீக்கியது. பிறகு விண்டோஸைப் புதுப்பித்தாள். செருகியதும் தானாகத் திறக்கும் வசதியை நிறுத்தினாள். ஆன்டிவைரஸை மறுபடி போட்டாள்.

அதற்கப்புறம்தான் மின்கோவின் பென்டிரைவைச் செருகினாள். போலியைத் திறக்காமலே அழித்தாள். "காலின்னு சொல்லுது, ஆனா இடம் நெறஞ்சிருக்கு பாருங்க. வெறும் பெட்டி கனக்குமா?" என்றபடி, மறைத்ததைத் திறந்துவிடும் கட்டளையைத் தட்டினாள். 'ரோசிட்சா' என்ற ஃபோல்டர் வந்து நின்றது.

உள்ளே ரோசிட்சா அடுப்படியில் நின்று கத்தினாள்: "அந்தப் போன் கருமத்தை அணைச்சுட்டு வாங்கடா ரெண்டு பேரும், பால் பொங்குது!"

மின்கோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வெலிகாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

"சித்தப்பா, இது எங்க கடையிலேர்ந்துதான் உங்ககிட்ட வந்துச்சு. கூட்டத்துல அவசரப்பட்டுக் கம்ப்யூட்டரோட காவலை நான்தான் அணைச்சேன்."

மின்கோ கையை விட்டார். "ஒரு தடவை அவளைப் பறிகொடுத்தது பத்தாதா? ரெண்டாவது தடவையும் சாகடிக்கப் பாத்தியே!" என்றார். பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு, அறிவிப்பே அடிக்காமல் போய்விட்டார். வெலிகாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஊர் முழுக்க இன்னும் எத்தனை பென்டிரைவோ. எவனாவது அழித்துத் தருகிறேன் என்று அழித்துவிட்டால், போனது போனதுதான். எல்லோரையும் வரவழைக்க வேண்டும். கறுப்புக் கட்டம் போட்ட தாளைத் தவிர வேறெதையும் அந்த ஊர் நின்று படிக்காது; அதிலும் படம் இல்லாவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆகவே கறுப்புக் கட்டத்துக்குள் தன் படத்தையே வைத்தாள். கீழே எழுதினாள்: 'என் கடைக் கம்ப்யூட்டரில் புழு இருந்தது. தவறு என்னுடையது. பென்டிரைவ்களைக் கொண்டுவாருங்கள், சரிசெய்து தருகிறேன். எதையும் அழிக்க விடாதீர்கள். வெலிகா.' விடிந்ததும் மரம் மரமாகப் போய் ஒட்டினாள்.

"உனக்கு மூளை கீளை இருக்காடி? ரெண்டு பேர் மெழுகுவத்தியோட வந்து எங்கிட்ட துக்கம் விசாரிச்சுட்டுப் போறாங்க!" என்று கலினா தலையில் அடித்துக்கொண்டாள்.

மின்கோ கண்ணாடி போடாமல் வெளியே கிளம்புகிறவர். பஸ் நிறுத்தத்தில் படத்தைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், மிச்சத்தை அவர் எங்கே படித்தார்? நாலு சிவப்புப் பூவோடு மூச்சிரைக்க ஓடி வந்தவர், வாசலில் நின்ற வெலிகாவைப் பார்த்து அப்படியே சுவரில் சாய்ந்தார்.

"பாவி! நேத்து நான் சொன்ன வார்த்தையோடயே போயிட்டியேன்னு நெஞ்சே நின்னுபோச்சு."

"மன்னிச்சிடுங்க சித்தப்பா. ரெண்டுக்கும் சேத்து."

அவர் கையிலிருந்த பூக்களைப் பார்த்தார். ஒன்றை உருவிக் கலினாவிடம் கொடுத்துவிட்டு, மற்றதை வெலிகாவிடம் நீட்டினார்.

"செத்தவங்களுக்குத்தான் ரெட்டைப்படை. இந்தா, மூணு. புடி."

பிறகு சட்டைப் பையில் கைவிட்டுப் பென்டிரைவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். "அவ அறிவிப்புல சிரிக்கிற படமாப் பாத்துப் போடு. அவளுக்கு அதுதான் புடிக்கும்."

ஆன்டிவைரஸ் ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வெலிகா அதைச் செருகினாள்.